தண்ணீர் எந்த வழியாக வந்தது? – ஃபைபர் படகு கேள்வி பதில்

சென்ற இதழில், பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், படகு முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. தட்டிப் பார்த்தவர்களில் பாதிப்பேர் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். முப்பது வருடமாக அடுத்தவர் படகுகளை அறுத்துத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு; உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குப் புதிதில்லை. இந்த இதழ் முழுவதும் ஈரம் புகுந்த படகுகளுக்கே. எஞ்சின் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, பதினாறு அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். "ஃபைபர்தானே, ஆயுசுக்கும் அழுகாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது முன்பக்க மேல்தளத்தில், கயிறு கட்டும் கிளீட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. கண்ணாடியிழை அழுகுமா?

பதில்: விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். கண்ணாடியிழை அழுகாது, அதைப் பிணைத்திருக்கும் ரெசினும் அழுகாது. ஆனால் உங்கள் மேல்தளம் முழுக்க ஃபைபர் அல்ல. மேலே சில மில்லிமீட்டரில் ஒரு தோல், கீழே சில மில்லிமீட்டரில் ஒரு தோல். நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ நுரைப்பலகையோ இருக்கும். ஒரு பலகையின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. அவ்வளவு தடிமனையும் கண்ணாடியிழையாலேயே கொடுத்தால் படகு கனத்துப்போகும். அதனால்தான் நடுவில் லேசான பொருளை வைக்கிறார்கள். நான் அதை நடுக்கட்டை என்று சொல்வது வழக்கம். இரண்டு தோல்களும் அந்தக் கட்டையோடு ஒட்டியிருக்கும்வரைதான் விறைப்பு. ஒட்டு விட்டுப்போனால் இரண்டு மெல்லிய தகடுகள்தான் மிச்சம். உங்கள் காலுக்குக் கீழே அமுங்குவது அதுதான்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது? கிளீட்டின் திருகாணித் துளை வழியாக. பத்துப் படகுகளில் எட்டில் இப்படித்தான். படகு கட்டியவர் மேல்தளத்தில் துளை போட்டார், நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசையைக் கொஞ்சம் தடவினார், முறுக்கினார். துளைக்குள் தெரியும் மரத்தை அடைக்கவில்லை. சீலன்ட் பத்து வருடத்தில் காய்ந்து விலகியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் சில சொட்டுகள். கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்துக்கு எதிரி, இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும். மழைநீர் அதை வளர்க்கும். மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலைதூக்காது. உங்கள் மேல்தளம் அந்த எல்லையைத் தாண்டிப் பல வருடமாகியிருக்கும்.

வேலைக்கு வருவோம். முதலில் சுத்தியலும் பென்சிலும். நல்ல இடத்தில் "டக்" என்று ஓசை தெறிக்கும். கெட்ட இடத்தில் "டொத்" என்று அமுங்கும். ஓசை மாறும் இடமெல்லாம் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போடுங்கள். கோட்டைப் பார்த்துக் கலங்காதீர்கள், எப்போதும் நாம் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் வரும். பிறகு கோட்டுக்குள் ஒரு சிறிய துளை போட்டு மேல்தோலின் தடிமனை அளந்து, வட்ட ரம்பத்தின் ஆழத்தை அந்த அளவுக்கு மட்டும் வைத்து, மேல்தோலை ஒரே துண்டாக அறுத்து எடுங்கள். அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள், மறுபடி அதையேதான் ஒட்டப் போகிறோம். உள்ளே கறுத்து ஊறிப்போனது கையாலேயே வரும். அதற்கடுத்து ஈரமாக இருந்தாலும் இறுக்கமாகப் பிடித்திருக்கும் மரம் வரும். இங்கேதான் எல்லோரும் சபலப்படுகிறார்கள். "இது நன்றாகத்தானே இருக்கிறது, விட்டுவிடுவோமே" என்று மனம் சொல்லும். விடாதீர்கள். உளி வைத்தால் உலர்ந்த, வெளிறிய சீவல் வரும்வரை போங்கள்.

பிறகு காயவிடுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். கூரை போட்டு, காற்றாடி வைத்து, ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் அதையும் ஓடவிட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை மேலே விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள்; அடியில் வியர்த்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்தபின் கீழ்த்தோலை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, முதலில் ஹார்டனரோடு கலந்தால் இறுகும் எப்பாக்ஸி ரெசினை வெறுமனே தடவி, அதன்மேல் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியைச் சீப்புக்கரண்டியால் பரப்பி, புதிய நடுக்கட்டையைப் பதியுங்கள். கட்டையின் ஓரங்களிலும் எப்பாக்ஸி குடித்திருக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டைகளை அடுக்குங்கள். அடுத்த நாள் அறுத்த தோலின் அடிப்பக்கத்தைத் தேய்த்து அதே முறையில் ஒட்டுங்கள். வெட்டுக்கோட்டின் இருபுறமும் தோலின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தோல் என்றால் ஒரு பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. அந்தச் சரிவை நிரப்பித் துணி ஒட்டும்போதுதான் பழைய தோலும் புதிய துணியும் ஒரே உடலாகின்றன. வெறும் கோட்டின்மேல் ஒட்டுப்போட்டால் அது பிளாஸ்திரிதான்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம், ஒரு படகின் மேல்தளத்தில் ஈரம் முழுவதும் காயுமுன்பே மூடினேன். படகுக்காரர் அவசரப்பட்டார் என்று இன்றும் சொல்லிக்கொள்ளலாம், அவசரப்பட்டது நான்தான். வேலை கண்ணாடிபோல் பளபளத்தது. இரண்டு வருடம் கழித்து அதே படகு, அதே இடம், அதே அமுக்கம். திறந்தபோது என் புதிய கட்டையே நனைந்த புகையிலைபோல் வந்தது. அதில் ஒரு துண்டை இன்றுவரை மேசைமேல் வைத்திருக்கிறேன். யாராவது "சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்றால் எடுத்துக் காட்டுவேன்.

கேள்வி: ஈரம் அளக்கும் மீட்டர் வாங்கினேன். படகின் எந்த இடத்தில் வைத்தாலும் முள் கடைசிக்கே ஓடுகிறது. படகு முழுவதும் ஊறிவிட்டதா?

பதில்: மீட்டர்தான் குழம்பியிருக்கும். அது நேரடியாகத் தண்ணீரைப் பார்ப்பதில்லை, மின்சாரப் பண்பு மாறுவதைப் பார்க்கிறது. படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் பெயின்ட்டில் செம்பு இருந்தால் அதையே ஈரம் என்று காட்டும். பின்னால் உலோகத் தொட்டியோ, தண்ணீர் டாங்கோ, நேற்று பெய்த மழையின் ஈரப்பூச்சோ இருந்தாலும் அப்படியே. பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில், படகு நீரைவிட்டு வெளியே வந்து சில நாள் கழித்து வைத்துப் பாருங்கள். எண்ணை நம்பாதீர்கள், ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புங்கள். சந்தேகம் தீராவிட்டால், உள்பக்கத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு வெளிவரும் தூளை விரலால் நசுக்குங்கள். அதற்குமேல் ஒரு மீட்டர் கிடையாது. துளையை எப்பாக்ஸியால் அடைக்க மறக்காதீர்கள். சோதனைக்காகப் போட்ட துளை வழியாகவே தண்ணீர் நுழைந்த படகையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா விட்டுப்போன பாய்மரப் படகு எங்களிடம் இருக்கிறது. நீரிலிருந்து ஏற்றியபோது அடிப்பாகம் முழுவதும் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன், புளித்த காடி வாடையோடு பிசுபிசுப்பான நீர் பீய்ச்சியது. பார்த்தவர்கள் "படகுக்கு ஆயுள் முடிந்தது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை அம்மா. கொப்புளத்தால் மூழ்கிய படகை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த கொப்புளத்தைக் குத்துமுன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது, உள்ளே அழுத்தத்தோடு இருக்கிறது, நேரே முகத்துக்குத்தான் வரும்.

நடந்தது இதுதான். படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. வருடக்கணக்கில் நீரின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். உள்ளே சரியாக இறுகாத ரெசினின் மிச்சங்களும், இழைகளைச் சேர்த்து வைத்த பசையும் இருக்கும். அவை அந்த நீரில் கரைந்து செறிவான கரைசலாகின்றன. வெளியே செறிவு குறைந்த நீர், உள்ளே செறிவு கூடிய நீர், நடுவே ஜெல்கோட் என்னும் சவ்வு. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதேதான். உள்ளே மேலும் மேலும் நீர் இழுக்கப்பட்டு ஜெல்கோட்டைத் தூக்குகிறது. இதனால்தான் நன்னீரில் கிடக்கும் படகுக்கு உப்புநீரில் கிடப்பதைவிடக் கொப்புளம் அதிகம். வெதுவெதுப்பான நீரில் இன்னும் வேகம்.

எண்ணுங்கள். பத்து, இருபது கொப்புளங்கள் மட்டும் என்றால் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் திறந்து சரிசெய்யலாம். அடிப்பாகம் முழுவதும் என்று எழுதியிருப்பதால், ஒரு கொப்புளத்தின் அடியைப் பார்க்க வேண்டும். ஜெல்கோட்டுக்குக் கீழே உள்ள இழைகள் பளிச்சென்று ரெசினில் ஊறியவையாக இருந்தால் நோய் மேலோட்டமானது. இழைகள் வெள்ளையாக, காய்ந்த துணிபோல் நகத்துக்கு உரிந்து வந்தால் கொப்புளம் உள்அடுக்குகளுக்குப் போய்விட்டது. அப்போது ஜெல்கோட்டையும் கெட்ட அடுக்குகளையும் சீவி எடுத்துவிட்டுப் புதிதாகத் துணி ஒட்ட வேண்டும். அது தனியாள் வேலை அல்ல.

மேலோட்டமானது என்றே வைத்துக்கொள்வோம். கொப்புளத்தைக் கிண்ணம்போல் விளிம்பு சரிவாகத் தேய்த்துத் திறந்தபின், காயவிடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே கரைந்திருக்கும், ரெசினிலிருந்து வந்த கிளைகால் போன்ற வேதிப்பொருள்கள் ஆவியாகிப் போகாது. தண்ணீர் மட்டும் காய்ந்து அவை அங்கேயே தங்கினால், படகை மறுபடி நீரில் இறக்கியதும் பழைய கதை தொடங்கும். சூடான நன்னீரால், வாரத்தில் பலமுறை, பிசுபிசுப்பு முற்றிலும் போகும்வரை கழுவுங்கள். கழுவிக் கழுவித்தான் காயவிட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். அப்பாவின் படகு, பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன்.

காய்ந்தபின் குழிகளை எப்பாக்ஸியால் நனைத்து, எப்பாக்ஸியில் சிலிக்கா கலந்து பட்டி பாருங்கள். கார்ப் பட்டறையில் போடும் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே போடாதீர்கள், அது தண்ணீர் குடிக்கும். கடைசியாக முழு அடிப்பாகத்துக்கும் எப்பாக்ஸி தடுப்புப் பூச்சு. ஐந்தாறு முறை பூசினால்தான் கால் மில்லிமீட்டராவது ஏறும். அதற்குக் குறைந்தால் பூசிய பெயர்தான் மிஞ்சும்.

கேள்வி: மேல்தளத்தை அறுக்காமலே வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, ஊசியால் எப்பாக்ஸி ஏற்றினால் அழுகிய மரம் கல்லாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் எப்பாக்ஸி எப்படிப் போய் உட்காரும்? ஊறிய மரத்துக்குள் அது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு சிறு உருண்டையாக நிற்கும், நடுவெல்லாம் ஈரம் அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் நீங்களோ நானோ திறக்கும்போது அந்த உருண்டைகளை உளியால் பெயர்ப்பது தனி வேலை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மரம் நல்ல காய்ந்த மரமாக இருந்து, தோலின் ஒட்டு மட்டும் விட்டிருந்தால் ஊசி வேலை செய்யும். கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் படகுதான் அந்த விதிவிலக்கு என்று நினைக்கிறார்கள்.

கேள்வி: அவுட்போர்டு எஞ்சின் மாட்டும் பின்பலகையின் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறது. கரையில் ஏற்றி இரண்டு நாள் கழித்தும் எஞ்சின் போல்ட்டுத் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிகிறது. போல்ட்டை இறுக்கினால் போதுமா?

பதில்: இறுக்காதீர்கள். இறுக்க இறுக்க அழுகிய கட்டைக்குள் போல்ட்டு இறங்கும், விரிசல் நீளும். பழுப்பு நீர் என்றால் உள்ளே மரம் கரைந்து வருகிறது என்று பொருள்.

ஒரு சோதனை. எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலில் உங்கள் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இன்னொருவர் பின்பலகையின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விளிம்பு அசைந்தால், அந்தப் படகை எஞ்சினோடு நீரில் இறக்க வேண்டாம். எஞ்சின் கழன்று போவது மட்டுமல்ல ஆபத்து. பின்பலகை திறந்தால் படகு பின்பக்கமாக நிரம்பும், இறைக்க நேரம் கிடைக்காது.

பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும், மொத்தம் 38 மில்லிமீட்டர் அளவில். உள்பக்கமிருந்து திறப்பதையே நான் விரும்புவேன். வெளித்தோல் படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெளியழகும் கெடாது. திறக்குமுன் செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள். படகின் அடி முழுவதும் சமமாகத் தாங்கும்படி முட்டுக்கொடுங்கள். பின்பக்கத்தின் அகலத்தை மேலும் கீழும் அளந்து எழுதுங்கள். குறுக்கே ஒரு சட்டத்தை அடித்து அந்த அகலத்தைப் பூட்டுங்கள். பின்பலகை சாய்ந்திருக்கும் கோணத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உட்காரும் உயரத்தையும் குறியுங்கள். குட்டைக்கால் எஞ்சினுக்கு ஏறத்தாழ 38 செ.மீ., நெட்டைக்காலுக்கு ஏறத்தாழ 51 செ.மீ. இதில் இரண்டு செ.மீ. தவறினாலும் விசிறி காற்றைக் கடையும். மரத்தை எடுத்தபின் எதை அளப்பீர்கள்? வெளித்தோல் நாய்க்குட்டியின் காதுபோல் தொங்கும்.

உள்தோலை ஓரத்தில் ஆறேழு செ.மீ. விட்டு அறுங்கள். அந்த ஓரம் சரிவாகத் தேய்த்துப் பிடிப்புக் கொடுக்க வேண்டும். உள்ளிருக்கும் மரத்தை உளியாலும் தூள் தூளாகவும் எடுப்பதற்கு ஒரு முழு நாள் ஆகும், கீழ்மூலைகளில் இன்னொரு நாள். முகமூடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். அன்றைய சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் வீடே சொறியும்.

புதிய கட்டைக்கு நீர் தாங்கும் பசையால் ஒட்டிய, உள்ளே ஓட்டை இல்லாத கடல்தர ஒட்டுப்பலகை வேண்டும். 18 மி.மீ. பலகைகள் இரண்டு, நடுவே எப்பாக்ஸியும் ஓர் அடுக்கு நெய்த துணியும் சேர்த்தால் பழைய தடிமன் வந்துவிடும். பசையில்லாமல் முதலில் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இரண்டுமுறையும் பார்க்கலாம், எப்பாக்ஸி கலந்தபின் பலகை உள்ளே போக மறுத்தால் அந்த அவமானத்தை நான் அனுபவித்திருக்கிறேன். எல்லா வெட்டு முனைகளுக்கும் மூன்று முறை எப்பாக்ஸி குடிக்கக் கொடுங்கள், மரம் முனை வழியாகத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். இறுக்கும்போது ஓரமெல்லாம் பசை சற்றே பிதுங்கினால் போதும். முழுப் பலத்தையும் போட்டால் பசை வெளியேறி, மூட்டு பட்டினி கிடக்கும். பிறகு மூலைகளைக் கெட்டியான எப்பாக்ஸியால் வளைவாக நிரப்பி, ஒன்றைவிட ஒன்று அகலமாகத் துணி அடுக்குகள். துணி நேர்மூலையில் மடங்காது, காற்று பிடிக்கும். அதற்காகத்தான் அந்த வளைவு.

கடைசியில் எஞ்சின் போல்ட்டுத் துளைகள். இங்கே கோட்டைவிட்டால் செய்ததெல்லாம் வீண். தேவையைவிடப் பெரிய துளையாகப் போட்டு, முழுக்கக் கெட்டியான எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரம் இல்லை, எப்பாக்ஸிக் குழாய்தான் இருக்கிறது. நாளை சீலன்ட் தோற்றாலும் தண்ணீருக்குக் குடிக்க மரம் கிடைக்காது. தண்ணீர் வடியும் அடைப்பான் துளைக்கும் இதையே செய்யுங்கள். முதல் கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் கிளீட்டுக்கும் இதுதான் வழி.

கேள்வி: ரெசின் பூசி மூன்று நாளாகிறது. கை வைத்தால் இன்னும் ஒட்டுகிறது. மேலே இன்னும் கொஞ்சம் ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் பொருள்) தடவலாமா?

பதில்: எந்த ரெசின் என்று எழுதவில்லையே! இரண்டுக்கும் பதில் நேர் எதிர்.

பாலியஸ்டர் ரெசின் என்றால் ஒருவேளை பழுதே இல்லை. அடுக்கு அடுக்காகப் போடுவதற்கான பாலியஸ்டர், காற்றுப்படும் மேற்பரப்பில் முழுதாக இறுகாது; அடுத்த அடுக்கு ஒட்டிக்கொள்ள அது வசதி. கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசினைப் போட்டால் மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்கும், பரப்பு இறுகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்து மேலே மட்டும் பிசுபிசுத்தால் இந்தக் கதைதான்.

எப்பாக்ஸி என்றால் அளவு தவறியிருக்கிறது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்ற எண்ணம் பாலியஸ்டரிலிருந்து வந்த பழக்கம். அங்கே கேட்டலிஸ்ட் என்பது தூண்டிவிடும் பொருள், ஒன்று அல்லது இரண்டு சதவீதம்தான். அந்த எல்லைக்குள் கூட்டலாம், குறைக்கலாம். எப்பாக்ஸியில் ஹார்டனர் என்பது கல்யாணத்தில் இன்னொரு தரப்பு. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் எல்லோருக்கும் ஜோடி கிடைக்கும். மிஞ்சியவர்கள் பிசுபிசுத்துக்கொண்டே இருப்பார்கள். மேலே எதைத் தடவினாலும் தீராது. சுரண்டி எடுத்து, துடைத்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

கடுகடுவென்று இறுகிய எப்பாக்ஸியின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால், அது வேறு. தண்ணீரும் தேய்ப்பானும் போட்டுக் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் படலத்தை உள்ளேயே அரைத்துவிடுவீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பழுதுபார்க்கும் வேலைக்கு நான் எப்பாக்ஸியையே எடுப்பேன். பழைய, இறுகிப்போன பரப்பில் பாலியஸ்டரைவிட அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் துண்டு துண்டாக வெட்டிய இழைகளைப் பரப்பி ஒட்டிய சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதன் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசை பாலியஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைவதற்கென்று செய்தது, எப்பாக்ஸியில் அது கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். பாலியஸ்டரே போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேட்டலிஸ்ட்டையும் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பட்டால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். எப்பாக்ஸியை ஆழமான டப்பாவில் நிறையக் கலந்து வைத்துவிட்டு அலைபேசி பேசப் போகாதீர்கள். தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலத் தட்டில் ஊற்றி வையுங்கள்.

கேள்வி: படகு வருடத்துக்கு வருடம் தாழ்ந்து மிதக்கிறது. அடியில் தேங்கிய நீரை இறைத்தால் வறண்டுதான் இருக்கிறது. எங்கே போகிறது இந்த எடை?

பதில்: தரைக்கு அடியில் ஊற்றிய நுரைக்குள். அந்த நுரை தண்ணீர் குடிக்காது என்பார்கள். ஒருநாள் இரண்டு நாள் குடிக்காது. வருடக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தால் குடிக்கும், குடித்ததைத் திரும்பக் கொடுக்கவும் கொடுக்காது. குளிரில் உறையும் இடமாக இருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் பருத்து நுரையின் அறைகளையும் உடைக்கும். தரையில் தாழ்வான இடத்தில் வட்டத் துளை ஒன்று போட்டு ஒரு கைப்பிடி நுரையை எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் தரையைத் திறக்க வேண்டியதுதான். திறந்தால் நெடுக ஓடும் தாங்குகட்டைகளையும் பாருங்கள். தண்ணீர் வழிய அவற்றில் துளை போட்டுவிட்டு, துளையின் மரத்தை அடைக்காமல் விட்டிருப்பார்கள்.

நுரையை எடுத்துவிட்டு வெறுமனே தரையை மூடாதீர்கள். படகு கவிழ்ந்தாலும் நிரம்பினாலும் உங்களை மிதக்க வைப்பது அந்த நுரைதான்.

கேள்வி: தார்ப்பாய் பறந்துபோய், கரையில் நிறுத்திய படகு முழுவதும் மழைநீர். ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். இனி என்ன செய்வது?

பதில்: அடைப்பானைக் கழற்றுங்கள், முன்பக்கத்தை உயர்த்துங்கள், எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். பிறகு சுத்தியல். இனி கரையில் நிற்கும் படகுக்கு அடைப்பான் வேண்டாம். அதைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, சென்ற வருடம் உங்கள் பதிலைப் படித்து, அறையின் இடதுபக்கக் கூரையை நானே திறந்து, காயவைத்து, புதுக்கட்டை வைத்து மூடினேன். அந்த இடத்துக்கு மேலே இருந்த கைப்பிடியையும் எப்பாக்ஸிக் குழாய் வைத்து மாட்டினேன். இப்போது அதே இடத்தில் மீண்டும் நீர்க்கறை. எங்கே தவறினேன்?

பதில்: வேலையில் தவறவில்லை என்றே நினைக்கிறேன். கைப்பிடி நிரபராதி. நீங்கள் தண்ணீர் வெளிவந்த இடத்தைச் சரிசெய்திருக்கிறீர்கள், நுழைந்த இடத்தை அல்ல. உள்கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் தண்ணீர் இரண்டு மீட்டர்கூட நடந்து போகும், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

ஒருவர் உள்ளே விளக்கோடு உட்காரட்டும். வெளியே நீங்கள் குழாயால் தண்ணீர் விடுங்கள், ஆனால் கீழிருந்து மேலே. தாழ்வான பொருத்தில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், பிறகுதான் அடுத்தது. மேலிருந்து தொடங்கினால் வழிந்து எல்லாம் நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது: எல்லாச் சன்னல்களையும் காற்றுவழிகளையும் டேப்பால் அடைத்து, ஒரு காற்று ஊதியை வாசலில் வைத்து அறைக்குள் காற்றை நிரப்புங்கள். வெளியே ஒவ்வொரு பொருத்தின்மேலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள். எங்கே குமிழ் விடுகிறதோ அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.

கண்டுபிடித்ததும் அந்தப் பொருத்தைக் கழற்றி, பழைய சீலன்டை முழுதாகச் சுரண்டுங்கள். அது சிலிக்கனாக இருந்தால் கூடுதல் பாடு, அதன் எண்ணெய் தங்கிய இடத்தில் எதுவும் ஒட்டாது. துளையின் வாயைச் சற்றே அகலப்படுத்திக் குழிவாக்கி, அந்தக் குழியில் சீலன்ட் வளையம்போல் தங்கும்படி பிசின்போல் ஒட்டும் ரப்பர் நாடாவான பியூட்டைல் டேப்பைச் சுற்றி மாட்டுங்கள். இறுக்கும்போது போல்ட்டின் தலையைத் திருகாதீர்கள், அதை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து நட்டை மட்டும் திருப்புங்கள். டேப் மெதுவாகப் பிதுங்கும். ஒரு நாள் விட்டு மறுபடி கொஞ்சம், இன்னொரு நாள் விட்டு இன்னும் கொஞ்சம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கறைக்கு முன்னால் ஒரு கண்ணாடி மூடி தெரிகிறது. அதன் முன்விளிம்பின் வலது மூலையில் தொடங்குங்கள். என்ன கிடைத்தது என்று எழுதுங்கள்.